மின்னிய இரண்டு சுத்திகள்

கள்ளக்குறிச்சியில் பாலீஷ் பட்டறை பாவாடையைத் தெரியாது என்று ஒருவன் சொன்னால், அவன் நேற்று பஸ் ஏறி வந்தவன் என்று அர்த்தம். கோயில் கலசம், கல்யாண மண்டபத்து அண்டா, புல்லட் சைலன்சர், லாரி பம்பர், எதுவானாலும் சரி. அவர் சக்கரத்தில் ஏறி இறங்கியதில் முகம் பார்த்து மீசை ஒதுக்கிக்கொள்ளலாம். படிப்பு இரண்டாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. சங்கராபுரம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் களை எடுத்தவர்களுக்குப் பிறந்து, மீசை அரும்பும் முன்னே சேலத்துக்கு ஓடி, பாத்திரப் பட்டறையில் தூசியைத் தின்று தொழில் பிடித்தவர். இன்றைக்குச் சொந்தப் பட்டறை, மாடி வீடு. யார் கொடுத்தது? ஒருத்தரும் கொடுக்கவில்லை, அந்த மினுக்கம்தான் கொடுத்தது. அவருக்கு நிலமும் அதுதான், பேரும் அதுதான்.

அந்தப் பேரை ஊர் சொல்வதற்கு முன் அவரே சொல்லிவிடுவார் என்பதும் உண்மை. டீக்கடையில் வாயைத் திறந்தாலே, “ஆரம்பிச்சிட்டாருடா பாவாடண்ணன்” என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். வேலை என்று வந்தால் அவரிடம்தானே வந்து நின்றார்கள்.

மலையடிவாரத்தில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போட்டிருந்த இளமாறனும் அப்படித்தான் வந்தான். சாக்கில் சுற்றி அவன் கொண்டுவந்தது தாத்தா காலத்து இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி. பயிர்க் காவலுக்கென்று லைசன்ஸ் உண்டு. மழைக்காலம் முழுக்கப் பரணில் கிடந்து துரு ஏறியிருந்தது. குழலுக்கு ஒன்றாகப் பின்புறம் இரண்டு சுத்திகள், ஆட்டுக்குட்டிக் கொம்பு மாதிரி நிமிர்ந்து நின்றன. விசையை இழுத்தால் அந்தச் சுத்தி போய்த்தான் தோட்டாவை வெடிக்க வைக்கும்.

துப்பாக்கியில் கை வைக்கத் தனக்கும் ஒரு லைசன்ஸ் வேண்டும் என்பது பாவாடைக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் வாங்கினார். நிலக்காரர் வீட்டுத் துப்பாக்கி, அப்பன் காலத்தில் தூர நின்று பார்த்தது, இன்றைக்குத் தன் மேசைமேல் மல்லாந்து கிடக்கிறதே!

“எல்லாத்தயும் கருப்பு ஏத்திடுங்க பெரியவரே. முக்கியமா இந்த சுத்தி ரெண்டும். ராத்திரி காவலுக்கு எடுத்துகினு போறது, மின்னக் கூடாது” என்றான் இளமாறன்.

“மின்னாத வேல வோணும்னா வூட்ல சட்டிக் கரி இருக்குமே தம்பி. தடவிக்க வேண்டிதான? இம்மாந்தூரம் இன்னாத்துக்கு வந்த?”

இளமாறன் சிரித்துவிட்டான். “அதெல்லாம் எனக்கு தெரியாது. கருப்புதான் வோணும்.”

வேலை என்றால் அது வேலை. மரக்கட்டையைக் கழற்றி, இரும்பை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, உப்புத்தாளில் கரட்டிலிருந்து நைஸ் வரைக்கும் படிப்படியாக இறங்கினார். குழலைச் சக்கரத்தில் காட்டவே இல்லை. காட்டினால் விளிம்பு உருண்டுவிடும், நம்பர் அழிந்துவிடும். அத்தனையும் கையால் தேய்த்தது. பிறகு மருந்து தடவித் துருவை வரவழைத்து, கொதிக்கும் தண்ணீரில் போட்டு, இரும்பு நாரால் தேய்த்து, மறுபடியும் தடவினார். சிவந்த துரு கொஞ்சம் கொஞ்சமாகக் காக்கைச் சிறகாக மாறியது. வேறொருவனாக இருந்தால் அடுப்பில் சுட்டு எண்ணெயில் முக்கி ஒரே நாளில் கொடுத்திருப்பான். இரண்டு குழலையும் ஒட்டியிருக்கும் ஈயப் பற்று இளகிப் பிரிந்திருக்கும்.

கடைசியில் சுத்திகள். கறுப்பு ஏற்றும் முன்னால், பாலீஷ் சோப்பு தடவிய துணிச் சக்கரத்தில் ஒரு தடவை கொடுத்தார். வெள்ளியாக எழுந்து நின்றன. கறுத்த குழலுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார். கறுத்த காதில் வைரக் கடுக்கன் போட்ட மாதிரி இருந்தது. இதையா கறுப்பாக்குவது? கை வரவில்லை. அப்படியே பூட்டிவிட்டார்.

“இன்னா பெரியவரே, சொன்னது இன்னா, செஞ்சது இன்னா?” என்றான் இளமாறன், வாங்க வந்தபோது.

“கொண்டுபோயி நாலு பேருக்கு காட்டு. யாரு வேலன்னு கேப்பாங்க, பேர சொல்லு. அப்பறமும் கருப்புதான் வோணும்னா எடுத்துகினு வா. அது ஒரு வேலயா?”

இளமாறன் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அழகாத்தான் இருக்குது” என்று எடுத்துக்கொண்டு போனான். திரும்பக் கொண்டுவரவில்லை.

அந்த வாரம் டீக்கடையில் பாவாடைக்கு அதே பேச்சு. அடுத்த வாரம் ஒரு காலை, அவர் உட்காரும் முன்னே கடைக்காரர் சொன்னார்.

“உங்க துப்பாக்கிக்காரப் பையன் பூட்டாண்ணே. நேத்து ராத்திரி. பக்கத்து கொல்லக்காரன் அய்யப்பன் சுட்டுட்டான்.”

அய்யப்பனுக்கும் இளமாறனுக்கும் வரப்புத் தகராறு இருந்தது ஊரறிந்த விஷயம். அன்று ராத்திரி இரண்டு பேரும் அவரவர் கொல்லையில் பன்றிக் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். போலீஸ் கொலை என்று அய்யப்பனைப் பிடித்துவிட்டது.

“அவன் இன்னா சொல்றான் தெரியுமா? நெத்தி லைட்டு அடிச்சானாம். கெழங்குக்குள்ள ரெண்டு கண்ணு மின்னுச்சாம். பன்னின்னு சுட்டானாம்.”

“மனுஷன் கண்ணு மின்னுமாய்யா?” என்று ஒருவன் கேட்டான்.

“வரப்பு தகராறு இருந்தா மின்னும்” என்றான் இன்னொருவன். கடையே சிரித்தது.

பாவாடை டீயைத் தொடாமல் எழுந்தார்.

பட்டறைக்கு வந்து ஷட்டரை இறக்கினார். பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. சுத்தி முனை அளவுக்கு இரண்டு போல்ட் எடுத்து, சக்கரத்தில் கொடுத்து, சாக்குக் குவியலில் பக்கத்தில் பக்கத்தில் செருகினார். கரண்ட் போனால் கட்டிக்கொள்ளும் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு எதிர்க்கோடிக்குப் போய்த் திரும்பினார். சாக்குக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. தலையை லேசாக அசைத்தார். அது கண்ணைச் சிமிட்டியது.

சோற்றுத் தூக்கோடு பின்கதவு வழியாக வந்த அவர் மனைவி சாலம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். “யோவ், அசையாத. சாக்குல இன்னாமோ பூந்துகினு கீது. நாயா நரியா தெரில.”

விளக்கை அணைக்காமலே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

சாலம்மாள் தூக்கைக் கீழே வைத்தாள். “வாய மூடிக்கினு சோத்த துன்னு. நீயா சுட்ட? லைசன்சு இல்லாம துப்பாக்கில கை வச்சேன்னு உன்ன புடிச்சி உள்ள போடுவான். ஆள கொன்ன பாலீஷுன்னு பேரு வரும். அப்பறம் எவன் வருவான் இந்த பட்டறைக்கு?”

“அய்யப்பன் கொல பண்ணல, சாலம்மா.”

“நீ மட்டும் பண்ணியா?”

பாவாடை போல்ட்டுகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார். “கருப்பு பண்ண சொன்னான். வாய் வுட்டு கேட்டான் அந்தப் பையன்” என்றார். வாயைத் திறக்காவிட்டால் ஒருத்தன் ஜெயிலிலேயே சாவான். திறந்தால் ஆயுசு முழுக்கத் தேய்த்து எடுத்த பேர் போய்விடும். சோற்றைத் தொடாமலே மலையடிவாரத்து ஸ்டேஷனுக்கு பஸ் ஏறினார்.

எஸ்.ஐ. இளவயசுக்காரர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பாவாடை சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்து ஏட்டைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

“பெரியவரே, மழ பேஞ்சாக்கூட உங்க பாலீஷ பாத்துதான் பேஞ்சுதுன்னு சொல்ற ஆளு நீங்கன்னு இந்த ஏட்டையா சொல்றாரு. இப்ப ஆள் செத்ததும் உங்க மினுக்கத்தாலதானா?”

“சுத்திய பாருங்க சார்.”

எஸ்.ஐ. மேசையில் இளமாறனின் துப்பாக்கியை மூடியிருந்த வெள்ளைத் துணியை விலக்கினார். குழல் கறுப்பாகத்தான் இருந்தது. சுத்திகள் இரண்டும் பழுப்பேறிக் கிடந்தன. ரத்தமும் பனியும் பட்டு அந்த வெறும் இரும்பு ஒரே ராத்திரியில் துருப் பூத்திருந்தது.

“இதுவா மின்னுச்சி?”

பாவாடை போல்ட்டுகளை எடுத்து வைத்தார். “ரூம இருட்டு பண்ணுங்க சார், காட்றேன். இல்லனா ஒரு துணி குடுங்க, இதயே தேச்சி காட்றேன்.” கை தானாகத் துப்பாக்கியிடம் நீண்டது.

எஸ்.ஐ. அந்தக் கையைத் தட்டிவிட்டார். “சாட்சிய அழிச்சீங்கன்னு உள்ள தள்ளிடுவேன். யாரு அனுப்புனா உங்கள? அய்யப்பன் வூட்டு ஆளுங்களா?”

“யாரும் அனுப்பல சார். நான் பெரும பேச வரல. இது என் தப்பு.”

“சரி, சரி. ஊருக்கே தெரியும் உங்க வேல. போயி வேற வேலய பாருங்க.”

பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தன் வேலையைப் பற்றித் தாழ்த்திச் சொல்லியிருந்தார். அதையும் பீற்றல் என்றே கேட்டுக்கொண்டார்கள். போல்ட்டுகளை அள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

வாசலில் ஒரு பெண் துணிப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அய்யப்பன் மனைவி லட்சுமியம்மாள். பையில் அவன் வேட்டி சட்டை. காலையில் ஒரு தடவை உள்ளே போய் வந்தவள், அதற்கப்புறம் போகாமலும் வீட்டுக்குத் திரும்பாமலும் அங்கேயே நின்றிருந்தாள்.

“எங்க ஆளு பேரு காதுல வுழுந்துது. இன்னா பேசுனீங்க உள்ள?”

பாவாடை மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். இந்தத் தடவை சொல்லும்போது தலை நிமிரவில்லை. அவள் சிரிக்காமல் கேட்டாள்.

“அப்ப ரெண்டு கண்ணு மின்னுச்சின்னு அவரு சொன்னது நெசமா?”

“நெசம்மா.”

“காலையில அழுதுகினே எங்கிட்ட சொன்னாரு.” என்றாள். “வரப்புக்கா ஒரு உசுர எடுத்தியேன்னு மூஞ்சில துப்பிட்டு வந்துட்டேன், பெரியவரே.”

அவள் பையைக் கை மாற்றிக்கொண்டு கேட்டாள்.

“கோர்ட்டுல வந்து இத சொல்லுவீங்களா?”

“சொல்லுவேன்.”

“நம்புவாங்களா?”

எதற்கும் ஒரு பதில் வைத்திருந்த வாய் அது. “தெரிலம்மா.”

லட்சுமியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையோடு படியேறி உள்ளே போனாள். கள்ளக்குறிச்சி பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. பாவாடை ஏறவில்லை. எஸ்.ஐ. எப்படியும் வெளியே வருவார். வரும்போது மறுபடியும் சொல்ல வேண்டும்.