அத்தானின் மார்பில் கியர் பெட்டி

எங்கள் அத்தான், அக்காவின் கணவர், தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர். "கொஞ்சம் பிடி" என்று யாரிடமும் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் இரும்பு பீரோவைத் தனியாளாக மாடிக்கு ஏற்றப் போய், பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றவர், "இங்கதான் நல்லா காத்து வருது, இங்கேயே இருக்கட்டும்" என்றுவிட்டார். இன்றுவரை நாங்கள் ஒருக்களித்துத்தான் மாடியேறுகிறோம்.

அப்படிப்பட்டவர் ஏலத்தில் ஒரு பழைய ராணுவ லாரி எடுத்தார். எஞ்சினின் சக்தியைப் பிரித்து, முன்னால் இரும்பு வடம் சுற்றி இழுக்கும் வின்ச்சுக்குக் கொடுக்க, லாரியின் அடியில் தனியாக ஒரு கியர் பெட்டி உண்டு. வின்ச்சை யாரோ முன்பே கழற்றி விற்றுவிட்டார்கள். பெட்டி மட்டும் வேலையில்லாமல் ஊளையிட்டுக்கொண்டு, வாசலெல்லாம் எண்ணெய் சொட்டியது. அதைக் கழற்றிவிட்டு, ஓட்டையைத் தகடு போட்டு மூடுவதென்று அத்தான் முடிவு செய்தார்.

என் அண்ணன் லாரி மெக்கானிக். "மாப்பிள்ளை, அது பாக்கத்தான் சின்னது, ஆளை அமுக்கிடும். கை வைக்கறதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கூப்பிடுங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் அத்தானிடம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். லாரிக்கு அடியில் ஸ்பானர் சத்தம் கேட்டது. அப்புறம் பொத்தென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. குனிந்து பார்த்தேன். கடைசி போல்ட்டும் கழன்று, பெட்டி அத்தானின் மார்பில் உட்கார்ந்திருந்தது. கைக்குழந்தையைப் போல் அதை அணைத்துக்கொண்டு கிடந்தார். ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் முட்டுக்கட்டை; உருட்டிவிட வழியில்லை. பெட்டியை இறக்கக் கொண்டுவந்த ஜாக், காலுக்கு எட்டாத தூரத்தில் நின்றது.

"அத்தான், யாரையாவது கூப்பிடட்டுமா?"

"எதுக்கு? சும்மா சாஞ்சிருக்கேன்."

உள்ளே போய் அக்காவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"மூச்சு விடறாரா?"

"விடறார்."

"அப்ப வாயைத் தொறந்து கேக்கட்டும்."

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தார். வெளியே நீட்டியிருந்த கால்களைப் பார்த்தார், ஜாக்கைப் பார்த்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன மாப்பிள்ளை, சௌக்கியமா?"

"ம்... ரொம்ப."

"வேலை எப்படி?"

"முடிஞ்ச... மாதிரிதான்."

"அப்ப சரி, நான் கிளம்பறேன்."

அத்தானின் கால்விரல்கள் மடங்கி விரிந்தன. "மச்சான்... நீ சொன்ன கனமெல்லாம் இதுல இல்ல. நம்பிக்கை இல்லன்னா வந்து தூக்கிப் பாரு."

தொழிலைக் குறை சொன்னதும் அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. சட்டையைக் கழற்றி என்னிடம் எறிந்துவிட்டு ஊர்ந்து உள்ளே போனார். "எங்க, விடுங்க பாப்போம்" என்றார்.

அத்தான் விட்டார். விட்ட கையோடு நழுவி வெளியே வந்து, எழுந்து, முதுகைத் தட்டிக்கொண்டார்.

பெட்டி அண்ணனின் மார்பில் உட்கார்ந்தது. இப்போது வெளியே நீட்டியிருந்தவை அண்ணனின் கால்கள்.

"கியர் பல்லு... தேஞ்சிருக்கான்னு பாக்கறேன். நீங்க போய்... குளிங்க மாப்பிள்ளை."

அத்தான் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஜாக்கை உள்ளே தள்ளி, தானும் பக்கத்தில் படுத்து, பெட்டிக்கு அடியில் அதைப் பொருத்தி ஏற்ற ஆரம்பித்தார்.

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்றார் அண்ணன்.

"நானுந்தான் கேக்கல, மச்சான்" என்றார் அத்தான்.