ரேடியோவும் நலம்

எங்கள் நைனா பட்டணத்தில் ரேடியோவில் வேலை பார்க்கிறார் என்று சொன்னால், திருத்தணியில் அந்நாளில் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "பாடுவாரா, பேசுவாரா?" என்பதுதான். இரண்டும் இல்லை. பாடுகிறவர்களும் பேசுகிறவர்களும் நகரத்துக்குள் ஒரு கட்டடத்தில் இருப்பார்கள். அவர்கள் குரல் கம்பி வழியாக ஊருக்கு வெளியே ஒரு கொட்டகைக்கு வரும். அங்கே ஆள் உயர யந்திரங்கள் அதை வாங்கி, இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிய ஏரியலில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பும். அந்த யந்திரங்களைப் பார்த்துக்கொள்வதுதான் நைனாவின் வேலை. இதை நான் விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் போயே போயிருப்பார்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிய வருஷம் அது. அம்மாவையும் என்னையும் அம்மா பிறந்த ஊரான திருத்தணிக்கு ரயிலேற்றிவிட்டு, நைனா மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். குண்டே விழுந்தாலும் யந்திரம் நிற்கக் கூடாதாம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லி அழுவாள். எனக்கு எட்டு வயது. அழுகை வரவில்லை, தலைகால் புரியாத பெருமைதான் வந்தது.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது நைனாவின் முகமே சரியில்லை. சாயங்கால நிகழ்ச்சி நடுநடுவே விட்டுப்போகிறது என்று வெளியூர்களிலிருந்து புகார் வந்துகொண்டிருந்தது. கொட்டகைக்குள் இருந்த ரேடியோவிலோ எல்லாம் சுத்தமாகக் கேட்டது. அது யந்திரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருப்பது. ஏரியலில் கோளாறு இருந்தாலும் பாடும். ஏரியலுக்கு மின்சாரம் போகிறதா என்று காட்டுகிற மீட்டர் எரிந்துபோய், யுத்தத்தினால் மாற்று மீட்டர் சீமையிலிருந்து வரவில்லை. சாயங்கால முறை நைனாவுடையது. கோளாறைக் கண்டுபிடிக்காவிட்டால் இனி யந்திரத்தைத் தொடவே வேண்டாம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

"இனிமே நீதான் என்னோட மீட்டரு," என்றார் நைனா என்னிடம்.

ஸ்டேஷன் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்த சாயபுவிடம் பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று இருந்தது. தினம் சாயங்காலம் அங்கே போய் உட்கார வேண்டும். பாட்டு நின்றால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். உடனே ஓடி வந்துவிடக் கூடாது, காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும்.

"ஒண்ணுமே கேக்காம அமுங்கிக் கெடந்துச்சின்னா, என்னோட மிஷினு நல்லாகீது, பாட்டு வர்ற கம்பிலதான் கோளாறு. சோன்னு மழை மாதிரி எரைஞ்சுகினு இருந்துச்சின்னா, கோளாறு எங்க பக்கம். எது, எத்தினி மணி. ரெண்டே வரி, மறுநாள் காலைல கார்டுல போட்டுடு."

பன்னிரண்டு கார்டுகளில் தன் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை ஆறு நாற்பதுக்கு நாகஸ்வரம் பாதியில் நின்றது. சாயபு எழுந்து ரேடியோவின் மண்டையில் ஒரு தட்டு தட்டினார். எந்த நோவுக்கும் அவரிடம் அந்த ஒரு வைத்தியம்தான். "தட்டாதீங்க பாய், எரையுதான்னு கேக்கணும்," என்றேன். இரைந்தது. நைனா சொன்னபடியே மறுநாள் எழுதிப் போட்டேன்.

எங்கள் தெருவில் கார்டு என்பது பொதுச் சொத்து. வருகிற கார்டைத் தபால்காரர் வாசலில் நின்று உரக்கப் படித்துக் காட்டுவார். போகிற கார்டையும் படித்துவிட்டுத்தான் பையில் போடுவார். பாதிப் பேருக்கு எழுத்து தெரியாத தெருவில் அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. அன்று பள்ளிக்கூட வாசலில் அவர் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, உங்க நைனா மிஷினு படுத்துகினு கீதாமே?" என்று கேட்டார். கேலிகூட இல்லை, கரிசனம்தான். ஆனால் என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றிருந்தார்கள். பள்ளி விடுவதற்குள் எனக்கே படுத்துகினு மிஷினு என்று பெயராகிவிட்டது. இனி அப்படி எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன்.

கடிதம் எழுதும் முறையும் என் பக்கம்தான் பேசியது. வீட்டில் நாலு பேர் காய்ச்சலில் கிடந்தாலும், "இங்கு அனைவரும் நலம்" என்று தொடங்குவதுதான் கடிதம் என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்திருந்தார். கெட்ட சேதியைத் திறந்த கார்டில் எழுதுகிற வழக்கமே எங்கள் ஊரில் கிடையாது. அதற்கு ஆள்தான் போகும். ஆகவே செவ்வாய்க்கிழமை ஆறு முப்பத்தைந்துக்கு ரேடியோ நின்றபோது, நான் இப்படி எழுதினேன்: "இங்கு நானும் அம்மாவும் நலம். ரேடியோவும் நலம்."

அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. "நின்னுச்சே, எழுதினியா?" என்று கேட்பாள். ஆங், எழுதினேன் என்பேன். இப்படிப் பதினோரு கார்டு எழுதினேன். அந்தப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்ட பெண்களும் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். நான் நைனாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து நைனா வந்தார். முகம் பளிச்சென்று இருந்தது. எனக்கு ரிப்பன் வாங்கி வந்திருந்தார். என் முதல் கார்டைப் பார்த்ததும், ஏரியலுக்குப் போகும் கம்பியின் இணைப்பைப் பிரித்துச் சுத்தம் செய்து இறுக்கியிருக்கிறார். அப்புறம் நலம், நலம் என்றே கார்டு வரவும், கோளாறு தீர்ந்தது, ஐம்பது மைலுக்கு அப்பாலும் சரிபார்த்தாயிற்று என்று மேலதிகாரிக்கு எழுதியே கொடுத்துவிட்டார். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே சாயங்காலம் என் கையைப் பிடித்துச் சைக்கிள் கடைக்கு அழைத்துப்போனார். முருகா, இன்றைக்கு ஒரு நாள் மட்டும் நிற்காமல் பாடட்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். முருகனுக்கு அன்று வேறு வேலை இருந்தது போலிருக்கிறது.

ஆறு முப்பத்தெட்டுக்கு நின்றது. சோவென்று இரைந்தது.

"தெனம் இப்படித்தான் ஆவுது," என்றார் சாயபு. "கொயந்த சொல்லலயா?"

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். வெகுநேரம் ஒன்றும் விழவில்லை. திறந்து பார்த்தால், பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் கிடந்த ரயில் டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதத் தயாராக இருந்தார்.

"என்னிக்கி, எத்தினி மணி? ஞாபகம்கீதா?"

பொய் எழுதியதாலோ என்னவோ, உண்மை எனக்கு மனப்பாடமாக இருந்தது. அழுதுகொண்டே ஒப்பித்தேன். எல்லாமே ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில். வெள்ளிக்கிழமை மட்டும் நிற்கவில்லை என்றேன். போன வெள்ளி? அன்றைக்கும் நிற்கவில்லை. நைனா பென்சிலை வைத்துவிட்டு, "வெள்ளிக்கெழமதான் வாட்ச்மேனுக்கு லீவு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த ரயிலுக்கே கிளம்பிவிட்டார்.

கோளாறு ஒரு பசுமாடு. கொட்டகைக் காவல்காரர் சாயங்காலம் பால் கறந்துவிட்டு, ஏரியல் கம்பத்தை இழுத்துக் கட்டியிருந்த முட்டுக்கம்பியில் அதைக் கட்டிவைப்பார். அது கழுத்தைச் சொறிந்துகொள்ளும்போதெல்லாம் கம்பம் அசைந்து, உச்சியில் விரிசல் விட்டிருந்த ஓர் இணைப்பு விலகிக்கொள்ளும். ஏழு மணிக்கு மாட்டை வீட்டுக்கு ஓட்டிப் போய்விடுவார். வெள்ளிக்கிழமை அவரும் வருவதில்லை, மாடும் வருவதில்லை. நைனா கம்பத்தில் ஏறி இணைப்பைப் பற்றவைத்தார். காவல்காரருக்கு வசவு கிடைத்தது, மாட்டுக்கு வேறு இடம் கிடைத்தது.

நைனாவைத்தான் மேலதிகாரி விடவில்லை. கோளாறு தீர்ந்தது என்று எழுதிக் கொடுத்த நாட்களிலும் புகார்கள் வந்து அவர் மேஜையில் கிடந்தன. எதை வைத்து அப்படி எழுதினாய், வீட்டிலிருந்து கார்டு வந்தது என்றாயே, அதைக் காட்டு என்று கேட்டிருக்கிறார். அதன் பிறகு நைனாவை யந்திரத்தை விட்டு எடுத்து, ஸ்டோர் ரூமில் கம்பியும் ஆணியும் எடுத்துக் கொடுக்கப் போட்டுவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை அவர் அந்த யந்திரத்தை மறுபடி தொடவேயில்லை.

அடுத்த முறை வந்தபோது இதை அம்மாவிடம் சொன்னார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

"கார்டுங்கள காட்டியிருந்தா உங்க மேல தப்பில்லன்னு தெரிஞ்சிருக்குமே," என்றாள் அம்மா.

"கார்டே வரல, நானாத்தான் எழுதிக் குடுத்தேன்னு சொல்லிட்டேன்."

அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குத்தான் விளங்கவில்லை. கார்டு வரவில்லையா? மத்தியானம் அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, பன்னிரண்டும் நூலால் கட்டி அடியில் இருந்ததை நான் பார்த்தேனே. கையில் வைத்துக்கொண்டே ஏன் இல்லை என்று சொன்னார்?

அவர் குளிக்கப் போனதும் எடுத்துப் பார்த்தேன். உடனே விளங்கிவிட்டது. எழுத்தெல்லாம் கோணலும் மாணலுமாக, வரிக்கு இரண்டு மைப்பொட்டு. இப்படிப்பட்ட கையெழுத்தைப் பெரிய அதிகாரிக்கு முன்னால் எடுத்து வைக்க யாருக்குத்தான் கூச்சமாக இருக்காது? எனக்கு நைனாவின் மேல் கொஞ்சம் கோபமும், என் மேல் நிறைய வெட்கமும் வந்தது.

மறுநாளே காப்பி நோட்டு ஒன்று வாங்கினேன். அடுத்த தடவை யார் கேட்டாலும் நைனா என் கார்டை மறைக்காமல் எடுத்துக் காட்ட வேண்டும் என்று, அந்த வருஷம் முழுக்கத் தினம் இரண்டு பக்கம் எழுதினேன். அவரும் வரும்போதெல்லாம் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்து, நல்லாகீதும்மா, நல்லாகீது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.