குட்டைக்குக் காவல்

புக்கிட் செலம்பாவ் எஸ்டேட் பாதையில் மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. வாடகைக் காரை ஓரங்கட்டி, பிள்ளைகள் இருவரையும் பிஸ்கட்டோடு பின்சீட்டில் உட்காரவைத்துவிட்டு, நான் சாலையில் குப்புறப் படுத்திருக்கிறேன். எதிரே ஒரு மழைக்குட்டை. அதில் ரப்பர் மரங்கள் தலைகீழாக நிற்கின்றன. கேமரா தண்ணீரைத் தொடும் உயரத்தில் இருந்தால்தான் அந்தப் படம் கிடைக்கும்.

ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. பின்னாலேயே இன்னும் இரண்டு.

"தங்கச்சி, மயக்கமா? கிளினிக் போவோமா?" என்கிறார் முதலில் இறங்கிய அண்ணன்.

நான் வாய் திறப்பதற்குள் காரிலிருந்து ஆறு வயது மகள் பதில் சொல்கிறாள்: "அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. எங்க ஊர்லயும் இப்படித்தான் படுப்பாங்க."

இந்தியாவிலிருந்து சுற்றிப் பார்க்க வந்திருக்கிறோம், படம் எடுக்கிறேன் என்கிறேன். அண்ணன் குட்டையைக் குனிந்து பார்க்கிறார்.

"இதையா? இந்தியாவுல மழையே இல்லையா?"

"பெய்யும்ண்ணே."

அவர் ஒரு கிளையை ஒடித்து வந்து என் கால்மாட்டில் போடுகிறார். "லோரிக்காரன் இதப் பாத்தா ஒதுங்கிப் போவான். நீங்க மெதுவா எடுங்கலா."

எதிர்ப்பக்க வண்டிகளைத் தடுக்க, மூவரும் குட்டைக்கு அந்தப் பக்கம் போய் வரிசையாக நிற்கிறார்கள். இப்போது தண்ணீரில் மரங்களை மறைத்துக்கொண்டு மூன்று ஹெல்மெட்டுகள். நகரச் சொல்லாமல் அப்படியே எடுக்கிறேன்.

காருக்குத் திரும்பியதும் மகள் என் கைபேசியை நீட்டுகிறாள். ஜன்னல் வழியாக அவளும் ஒரு படம் எடுத்திருக்கிறாள். குப்புறக் கிடக்கும் நான், கால்மாட்டில் கிளை, எதிரே அசையாமல் மூன்று பேர், ஓரத்தில் அவள் தம்பியின் கையில் பாதி பிஸ்கட்.

என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.