பாதியில் நின்ற கதைகள்

மனைவி இறந்தபின் மலேசியாவில், சுங்கை பினாங் வீட்டில் நானும் ஏழு வயது மகள் மீனாவும்தான். தொழிற்சாலையிலிருந்து எவ்வளவு களைத்து வந்தாலும், படுக்கையில் அவளுக்கு ஒரு கதை சொல்லாமல் இருந்ததில்லை. ஆனால் முடிப்பதற்குள் தூங்கிவிடுவேன்.

ஒருநாள் பள்ளியில் அவளுடைய ஆசிரியை, “உங்க மக சொந்தமா கதை எழுதுறா, அண்ணே. யாரு சொல்லிக் கொடுத்தது?” என்று கேட்டார்.

மீனா முந்திக்கொண்டாள். “அப்பா பாதியிலயே கொறட்டை விட்டுடுவாரு லா, டீச்சர். மீதிய நானே எனக்குச் சொல்லிக்குவேன்.”

ஆசிரியை சிரித்தார். என்னால் முடியவில்லை.

அன்றிரவு வழிதவறிய யானைக்குட்டியின் கதையைப் பாதியில் நிறுத்தி, தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். மீனா மெல்லிய குரலில் தொடர்ந்தாள்.

“குட்டி வீட்டுக்கு வந்திருச்சு. அப்பா யானை தூங்குது. பாவம், களைச்சிருக்கும். அதான் எழுப்பாம, பக்கத்துல தனியா உக்காந்திருக்கு.”

கண்ணைத் திறந்து, “அப்புறம்?” என்றேன்.

அதுவரை அவளிடம் நான் கேட்டிராத கேள்வி அது.