பட்டம் பிள்ளைக்கு, ஜாக்கெட் அம்மாவுக்கு

சாரி ஜாக்கெட் தைக்கிறவளுக்கு வருஷத்தில் மூன்று தரம் தலை வெடிக்கும்: தீபாவளிக்கு, தை மாதக் கல்யாணங்களுக்கு, அப்புறம் கெம்பஸில் பட்டமளிப்பு வைக்கும்போது. முதல் இரண்டையும் எப்படியாவது சமாளித்துவிடலாம். தீபாவளிக்கு ஜாக்கெட் இறுகினால் பலகாரத்தின் மேல் பழியைப் போடலாம். கல்யாணத்தில் எல்லாரும் பெண்ணைத்தான் பார்ப்பார்கள். பட்டமளிப்பில் மட்டும் தப்ப வழியில்லை. இத்தனை வருஷம் பிள்ளையைப் படிக்க வைத்ததற்கு இரண்டே இரண்டு அழைப்பிதழ் வீட்டுக்கு வருகிறது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, அலுமாரியைத் திறந்தபடி, எதை உடுத்துவது என்று தெரியாமல் நிற்கும் தாய்மாரே, தகப்பன்மாரே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். அடுத்ததாக நீங்கள் ஏறி வருவது என் மாடிப்படியில்தான்.

கண்டி நகரத்தில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே என் தையல் கடை இருக்கிறது. இரண்டு மெஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, வருகிறவர்கள் உட்கார ஒரு கதிரை. கொக்கி தைக்கவும் என்னைத் திருத்தவும் மெனிக்கே என்று ஒரு சிங்களப் பெண், பதினோரு வருஷமாக என்னோடு இருக்கிறாள். 'பட்டமளிப்புத் தையலை மூன்று கிழமைக்கு முன் தரவும்' என்று மூன்று மொழியிலும் எழுதி வாசலில் ஒட்டியிருக்கிறேன். எந்த மொழிக்காரரும் அதை வாசித்ததில்லை.

மேட்ச்சிங்

நாவலப்பிட்டியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா கணவரோடு வந்தார். மகளுடைய கறுப்பு அங்கியின் மேல் போடும் பட்டி அவள் படித்த பீடத்துக்கு என்ன நிறமோ, அதே நிறத்தில் சாரி எடுத்திருந்தார். போனில் பட்டியின் படத்தை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் லைட்டுக்கும் நடையாய் நடந்து பார்த்தார். ஜன்னலடியில் ஒரு சிவப்பு, லைட்டடியில் இன்னொரு சிவப்பு. அதே பீடத்துப் பிள்ளைகளின் அம்மாக்கள் மூன்று பேர் அதே சிவப்பை என்னிடம் ஏற்கெனவே தைக்கக் கொடுத்திருந்தார்கள். மண்டபத்தில் பள்ளிக்கூட யூனிஃபோர்ம் மாதிரி வரிசையாக உட்காரப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு சாரியோடு மறுநாள் வருவார், நாள் போய்விடும்.

போகும்போது இன்னொரு கோரிக்கை வைத்தார். ஜாக்கெட்டுக்கு வெட்டியது போக மீதித் துணியில் கணவருக்கு ஒரு டை தைத்துத் தர வேண்டுமாம். அந்த மனிதர் அதுவரை வாயே திறக்கவில்லை. படியில் இறங்கும்போது மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "செருப்பு, பை, வளையல் எல்லாம் வாங்கி முடிஞ்சு, கடைசில நானும் மேட்ச்சிங் சாமானாகிட்டேன், அக்கா."

பச்சை வேண்டாம்

அதே கிழமையில்தான் தெய்வானை வந்தார். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷமாகக் கொழுந்து பறிக்கிறவர். மகள் சுகந்திக்குப் பட்டமளிப்பு. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, சாரி எடுத்துக்கொண்டு, நேரே என்னிடம் ஏறியிருந்தார். வீட்டுக்காரருக்கு என்ன உடுப்பு என்று கேட்டேன். அவரிடம் ஒரு வெள்ளைச் சட்டை இருக்கிறதாம். கல்யாணமோ சாவோ, எதற்கும் அதுதானாம்.

அளவெடுக்க நிற்க வைத்து, நிமிர்ந்து நில்லுங்கள் என்றேன். நிமிர்ந்துதான் நிற்கிறேன் என்றார். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி மாட்டி, கழுத்தும் தோளும் முன்னால் வந்துவிட்டிருந்தன. அப்படி இருக்கிறவர்களுக்கு முதுகுப் பக்கம் ஒரு அங்குலம் கூட வைத்து வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஜாக்கெட் பின்னால் ஏறிக்கொண்டே இருக்கும், இழுத்து விட்டே கை ஓய்ந்துவிடும். அந்த ஒரு அங்குலத்தை இதுவரை யாரும் அவருக்கு வைத்ததில்லை. போட்டிருந்த ஜாக்கெட்டைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு என் தொழில்காரர்கள் மேலேயே கோபம் வந்தது.

சாரி நல்ல கத்தரிப்பூ நிறம், ஓரத்தில் மெல்லிய சரிகை. எடுப்பான நிறம், நன்றாகத் தேடி எடுத்திருக்கிறீர்கள் என்றேன். கடைக்காரர் முதலில் வேறு நிறத்தைத்தான் அடுக்கினாராம். தெய்வானை சொன்னார்: "பச்சை மட்டும் வேணாம்னு சொல்லிட்டேன், அக்கா. அதத்தான் தெனம் விடிஞ்சா பாக்குறேனே."

மூன்று பட்டத்துக்கு ஒரு ஜாக்கெட்

கலகெதரவிலிருந்து ஒரு முஸ்லிம் தாய். மகன் எஞ்சினியர் ஆகிறார். உம்மா எப்போதும் போல அபாயாவில் வந்தால் போதும் என்று மகன் சொன்னாராம். இவருக்கோ சாரி உடுத்து, முக்காடு போட்டு, மண்டபத்தில் இருக்க வேண்டும் என்று ஆசை. கழுத்து மூடி, கை மணிக்கட்டு வரை வைத்துத் தைக்கச் சொன்னார். அதெல்லாம் எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் உள்ளுக்குள் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் துணி விடச் சொன்னதுதான் புரியவில்லை. ஏன் இவ்வளவு என்று கேட்டேன். "இன்னம் ரெண்டு புள்ளைகள் கெம்பஸ்ல ஈக்கிறாங்க. நான் மெலியப் போறதில்ல. இந்த ஜாக்கெட் மூணு பட்டமும் பாக்கணும்" என்றார்.

வெட்டியாச்சு

ஒரு மழை நாளில் சுகந்தி வந்தாள், தெய்வானையின் மகள். குடையை மூலையில் சாய்த்துவிட்டு, அம்மாவுடைய ஜாக்கெட்டை நிறுத்தச் சொன்னாள். காசு பிரச்சினையா என்று கேட்டேன். இல்லையாம். பட்டமளிப்பு அன்று அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிற உடுப்பிலேயே வர வேண்டுமாம். இடுப்பில் படங்கு கட்டி (கொழுந்துச் செடி கீறாமல் கட்டுகிற சாக்குத் துணி), முதுகில் கூடையோடு அம்மா, பக்கத்தில் கறுப்பு அங்கியோடு இவள். மண்டபத்து வாசலில் ஒரு படம். சிநேகிதிகள் எல்லாம் இப்போதே கண் கலங்கிவிட்டார்களாம். அம்மாவிடம் கேட்டாயா என்றேன். அன்றைக்குக் காலையில்தான் சொல்லப் போகிறாளாம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் அடுத்து அவள் சொன்னதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன். "மொத வருஷம் ஹொஸ்டல்ல எல்லார்கிட்டயும் எங்கம்மா தோட்டத்து ஆபீஸ்ல வேலைன்னு சொல்லிட்டேன், ஆன்ட்டி. நாலு வருஷமா அது நெஞ்சுல கெடக்கு. இந்தப் படத்தப் போட்டாத்தான் அது போகும்." சொல்லும்போதே அழுதுவிட்டாள். கெட்ட பிள்ளை இல்லை. அம்மா மேல் இருந்த பாசம் வழி தெரியாமல் அலைந்தது.

ஒரு பொய்யை நினைத்து அழுகிற பிள்ளையிடம் நான் இன்னொரு பொய்யைச் சொன்னேன். ஜாக்கெட் துணியை வெட்டியாச்சு, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றேன். துணி அப்போது மடிப்புக் கலையாமல் பைக்குள் இருந்தது. பாவம், தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனாள். நான் பெருமூச்சு விட்டு உட்காரப் போனேன். மெனிக்கே மூலையைக் காட்டினாள். "அனே அக்கே, உக்காராம வெட்டுங்க. அந்தப் புள்ள கொடைய விட்டுட்டுப் போயிருக்கு."

வேட்டி ஒத்திகை

சுகந்தி குடைக்காகத் திரும்பி வந்தபோது நான் முதுகுத் துண்டை வெட்டி முடித்திருந்தேன். ஆனாலும் தெய்வானை என்ன சொல்வாரோ என்ற பயம் எனக்கு இருந்தது. மகள் கேட்டால் அந்தத் தாய் சரியென்று சொல்லிவிடுவார், சாரி பெட்டிக்குள் போய்விடும். அந்த யோசனையில் இருந்தபோதுதான், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கிளார்க் ஐயா ஒருவர் வேட்டியோடு வந்தார். பெண்களுக்கு மட்டும்தான் தைப்பேன் என்றேன். தையல் வேண்டாம், இடுப்பில் ஒட்டுப்பட்டி வைத்தால் போதும் என்றார். மகனுடைய பெயரை வாசிக்கும்போது எழுந்து நிற்க வேண்டும், அப்போது வேட்டி நழுவிவிடும் என்று அவருக்கு ஒரு கிழமையாக நித்திரை இல்லை. வைத்துக் கொடுத்தேன். என் கதிரையில் இருந்தும் எழும்பியும் எட்டுத் தரம் ஒத்திகை பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. "ஓம் தங்கச்சி, நிக்குது. ஆனாலும் எல்லாரும் மேடையைப் பாப்பினம், நான் இடுப்பைப் பிடிச்சுக்கொண்டுதான் இருப்பன்" என்றார்.

படங்கு பைக்குள் வந்தது

பட்டமளிப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது தாயும் மகளும் ஒன்றாக வந்தார்கள். தெய்வானை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னாலிருந்து வந்தார். முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. கையைத் தூக்கச் சொன்னேன், குனியச் சொன்னேன், ஏறவில்லை. பழக்கத்தில் பின்னால் கையை விட்டு இழுத்துப் பார்த்தார், இழுக்க ஒன்றும் இல்லை. கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பித் திரும்பிப் பார்த்தார். என் வாழ்க்கையில் நான் நல்லதாகத் தைத்த ஜாக்கெட்டுகளில் அது ஒன்று.

அப்போதுதான் சுகந்தி கொண்டு வந்திருந்த பையைத் திறந்து படங்கை எடுத்தாள். பட்டமளிப்பு நாள் வரை அவளால் பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது. ஹொஸ்டலில் சொன்ன பொய், வாசலில் எடுக்க நினைத்த படம், எல்லாவற்றையும் அந்தக் கண்ணாடி முன்னாலேயே சொன்னாள். நான் நூலைக் கோப்பதுபோல் குனிந்துகொண்டேன். மெனிக்கே நூலே இல்லாத மெஷினை ஓட்டினாள்.

தெய்வானை படங்கை வாங்கி விரித்துப் பார்த்தார். இரண்டு நாளாக இதைத்தான் தேடிக்கொண்டிருந்தாராம், பக்கத்து வீட்டுக்காரியிடம் இரவல் வாங்கிக் கட்டினாராம். சரி கண்ணு, ஒன் இஷ்டம் என்று சொல்லிவிடுவாரோ என்று பார்த்தேன். அவர் படங்கை மடித்து மகள் கையில் கொடுத்தார். "ஆபீஸ்ல வேலைன்னு சொன்னதுக்கு எனக்குக் கோவமில்ல. ஆனா நீ சொன்ன பொய்ய நான் எதுக்கு இடுப்புல கட்டணும்? யார்கிட்ட சொன்னியோ அவங்ககிட்ட வாயாலயே மாத்திச் சொல்லு. கூடையோட படம் வேணும்னா வர்ற திங்கக்கெழம மலைக்கு வா. நான் அங்கதான் நிப்பேன்."

திங்கட்கிழமை

சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாரியைக் கட்டிப் பார்ப்போமா அம்மா என்று கேட்டு, கீழே உட்கார்ந்து கொசுவத்தைச் சரிபண்ணினாள். பட்டமளிப்பு அன்று எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். கத்தரிப்பூச் சாரியில் அம்மா, அந்த வெள்ளைச் சட்டையில் அப்பா, நடுவில் இவள். வாசலில் வைத்து ஹொஸ்டல் சிநேகிதிகளைக் கூப்பிட்டு, இதுதான் எங்கம்மா, கொழுந்து பறிக்கிறாங்க என்று சொன்னாளாம். அந்தப் பிள்ளைகள் ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம், சாரி எங்கே எடுத்தது என்றுதான் கேட்டார்களாம். அந்தப் படத்தை நான் கடையில் வருகிற எல்லாரிடமும் காட்டிவிட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

திங்கட்கிழமை இன்னொரு படம் வந்தது. இந்தத் தடவை கூடையும் படங்குமாகத் தெய்வானை. அவர் கமெராவைப் பார்க்கவில்லை, கையில் இருந்த வேலையைப் பார்த்தார். சுகந்தி உண்மையாகவே மலைக்குப் போயிருக்கிறாள். அம்மா என்ன சொன்னார்கள் என்று கேட்டு நான் அனுப்பினேன். பின்னேரம் தெய்வானையின் குரலிலேயே பதில் வந்தது: "இவ படம் புடிச்சதுல எனக்குக் கொழுந்து ரெண்டு கிலோ கொறஞ்சிருச்சு, அக்கா. நீயே பறிச்சுப் போடுன்னு விட்டேன். முத்தலும் காம்புமாப் பறிச்சு, கொழுந்து நிறுக்கிற கணக்கப்புள்ள பாதிய எடுத்து வீசிட்டாரு."

வெட்டாத துணியை வெட்டியாச்சு என்று நான் சொன்னது சுகந்திக்கு இன்னும் தெரியாது, இதை வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும். பட்டமளிப்புக்குத் தாய் தகப்பன் என்ன உடுத்த வேண்டும் என்று என்னிடம் கேட்காமல் உடுத்தப் போகிறவர்களிடமே கேளுங்கள், ஆனால் தயவு செய்து மூன்று கிழமைக்கு முன்னால் கேளுங்கள்.