குவீன்ஸ்டவுனிலிருந்து தேக்காவுக்கு ஒரு தோல் நாற்காலியுடன்

பழைய தோல் சாய்வு நாற்காலியைச் சிங்கப்பூரில் எங்கே கொண்டுபோய்ச் சரிசெய்யலாம் என்று மூன்று பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். நான் போனது 1984இல். அந்தக் கடைகள் இப்போது இல்லை. நான் செய்த தப்புகளை மட்டும் யாரும் இன்றைக்கும் செய்யலாம் என்பதால் எழுதுகிறேன்.

என் கணவர் லாரன்ஸுக்கு நுரையீரல் கெட்டிருந்தது. படுத்தால் மூச்சு முட்டும். ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடம் எழுபத்தொன்றில் வாங்கிய நாற்காலியில் சாய்ந்துதான் தூங்குவார். வளைத்த பலகை, அதன்மேல் கறுப்புத் தோல் மெத்தை, கீழே சுழலும் இரும்புக் கால். ஒரு நாள் காலை முதுகுப் பலகை கையோடு வந்துவிட்டது. அதைப் பிடித்திருந்த ரப்பர் வில்லைகள் பிஸ்கட் போல நொறுங்கிக் கிடந்தன. தோலும் வெடித்திருந்தது. அது என் கைங்கரியம்; பளபளக்கட்டும் என்று பத்து வருடம் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை 8.10க்கு, லாரன்ஸை வீட்டில் விட்டுவிட்டு, நாற்காலியோடு கிளம்பினேன். குவீன்ஸ்டவுனில் எங்கள் மாடியில் லிஃப்ட் நிற்காது, ஒரு மாடி தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். லாரிக்காரர் கோபால் இருபது வெள்ளி (டாலர்) கேட்டு, பதினெட்டுக்கு ஒத்துக்கொண்டார். தேக்காவுக்கு ஒன்பது கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம்.

"புதுசு வாங்கிருங்க லா, அக்கா. இதுக்குப் போய் லாரியா?"

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்றேன். அன்றைக்கு யாரோடும் பேசும் நிலையில் நான் இல்லை.

தேக்கா சந்தைக்குப் பின்னால் செருப்புத் தைப்பவர் தோலைத் தடவிப் பார்த்துவிட்டு, இது தன் வேலை இல்லை என்று கையை விரித்தார். சிராங்கூன் சாலையில் இன்னும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, சலீம் பாயின் நாற்காலிப் பட்டறைக்கு வழி சொன்னார்.

சலீம் பாய் மெத்தையைக் கழற்றி முகர்ந்தார். "எண்ணெய் போட்டீங்களா? தோலு குடிச்சிரும்மா, தையல் இத்துப்போயிரும்." அப்புறம் கேட்டார்: "யாரு உட்கார்றது?"

நுரையீரல் என்று சொன்னாலே காசநோய் என்று எடுத்துக்கொள்வார்கள். லாரன்ஸுக்கு அது இல்லை. இருந்தும் பக்கத்து வீட்டில் எங்களுக்குக் காப்பி டம்ளர் தனியாகிவிட்டது. அந்த வெட்கத்தில், "வீட்டுக்கு வர்றவங்கதான்," என்றேன். நூற்றறுபது வெள்ளி, பத்து நாள் என்றார்.

பத்து நாளும் லாரன்ஸ் சாப்பாட்டு மேசையில் தலையணையை வைத்து, அதில் தலை கவிழ்த்துத் தூங்கினார். சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம்.

நாற்காலி புதுசு போலத் திரும்பி வந்தது. புது ரப்பர், மிருதுவான தோல், ஒரு குறை சொல்ல முடியாது. லாரன்ஸ் உட்கார்ந்தார். இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கியது.

"மேரி, இது என்னை முன்னுக்குத் தள்ளுது."

மறுநாளே பஸ் ஏறிப் பட்டறைக்கு ஓடினேன். சலீம் பாய் முகம் மலர்ந்து சொன்னார்: "பின்னுக்குச் சாஞ்சு கெடந்துச்சும்மா. வர்றவங்க எந்திரிக்கச் சிரமப்படுவாங்கன்னு இரும்புக் கால அறுத்து நேராக்கிட்டேன். அதுக்குக் காசு வாங்கல."

அந்த நாற்காலியைச் செய்ததே அந்தச் சாய்வோடுதான். அது பழுது இல்லை. அப்போதுதான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மா."

நாற்காலியைத் திரும்ப எடுத்துவரச் சொல்லி, இரண்டு முறை அறுத்துப் பற்றவைத்துப் பார்த்தார். பழைய சாய்வு எவ்வளவு என்று அவரும் அளக்கவில்லை, நானும் அளக்கவில்லை. மூன்றாம் முறை பற்றவைத்த இடம் விட்டுவிட்டது. "போதும் மேரி, இனி அதைத் தூக்கிட்டு அலையாதே," என்றார் லாரன்ஸ். எனக்கு அழக்கூட வரவில்லை.

நீங்கள் போவதானால், பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இருக்கை தரையிலிருந்து முன்னால் எவ்வளவு உயரம், பின்னால் எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தோலுக்கு எண்ணெய் வேண்டாம், ஈரத்துணி போதும். உட்காருகிறவரையும் அழைத்துப் போங்கள். அவரால் வர முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்பதைப் பட்டறைக்காரரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

நாற்காலியைக் கைவிட்டு ஏழு வாரம் கழித்து ஒரு மத்தியானம், மேசைமேல் லாரன்ஸின் தலை அசையாமல் இருந்தது. மூச்சிரைப்புச் சத்தமும் இல்லை. இன்றைக்காவது நன்றாகத் தூங்குகிறாரே என்று சந்தோஷப்பட்டு, சத்தம் வராமல் சமையலறைக் கதவைச் சாத்தினேன்.