எல்லாம் அறிந்தவருக்குச் சொன்ன செய்தி

பெங்களூரில் எங்கள் லிங்கராஜபுரத்தில் ஒரு விஷயம் தெருவெல்லாம் பரவவேண்டுமென்றால் அதை யாரிடமும் சொல்லத் தேவையில்லை. ஜெபிக்கச் சொன்னால் போதும். வம்பு பேசுவது பாவம் என்று எங்கள் சபையில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே யாரும் வம்பு பேசுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் பேசுவார்கள், சத்தமாக. எந்த வீட்டுப் பெண் யாரோடு சுற்றுகிறாள், யாருக்கு வைட்ஃபீல்டில் வேலை போயிற்று என்பதெல்லாம் எனக்கு இந்த வழியில் தெரிந்ததுதான். நான் மட்டும் என்ன, காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

இவ்வளவு தெரிந்தும் என் புத்தி எங்கே போயிற்றோ. மார்பில் ஒரு கட்டி. ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். வியாழக்கிழமை முடிவு தெரியும். வீட்டுக்காரருக்கு ரத்தக்கொதிப்பு. ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் வீணாக ஏன் பயமுறுத்த வேண்டும் என்று அவரிடம் மூச்சு விடவில்லை. ஆனால் ஒருத்தரிடமும் சொல்லாமல் இருக்க மனசு தாங்கவில்லை. ஜெபக்குழுவை நடத்தும் பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும், யார் காதுக்கும் போகக்கூடாது என்று கெஞ்சிச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். நானும் நம்பினேன் பாருங்கள்.

புதன்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். பாட்டு, வசனம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தன. கடைசியில் அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"அன்பான அப்பா, உமக்கு மறைவானது ஒண்ணுமில்ல. உம்முடைய மகளுக்கு இடது மார்புல கட்டி இருக்கறதும், நாளைக்கு ரிப்போர்ட் வர்றதும், அவங்க வீட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லலங்கறதும் நீர் அறிவீர்."

கண்ணைத் திறந்தேன். எனக்கு முன்னாலேயே அத்தனை பேரும் திறந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் மூடியபடியே இருந்தார். ஆமென் சொன்னதும் கையில் போண்டாவோடு ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். ஒருத்தி முள்சீத்தா இலைக் கஷாயம் குடிக்கச் சொன்னாள். இன்னொருத்தி, இதே மாதிரிக் கட்டி வந்து போய்ச் சேர்ந்த தன் நாத்தனாரின் கதையை எனக்கு ஆறுதலாக முழுவதும் சொன்னாள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அக்காவைக் கேட்டேன். யாரிடமும் சொல்லவில்லையே, அப்பாவிடம்தானே சொன்னேன் என்றார். இந்த அம்மாவை என்னதான் செய்வது?

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டரை வெளியே எடுத்து நிறுத்தினார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுற்றிவளைக்காமல் சொன்னார். புற்றுநோய்தான், ஆபரேஷன் செய்யவேண்டும்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வாய்விட்டே ஆரம்பித்துவிட்டேன். அன்பான அப்பாவாம் அன்பான அப்பா! பெற்ற பிள்ளைக்குச் செய்கிற வேலையா இது? ஒரு ஞாயிறு தவறியிருப்பேனா? உமக்கு என்ன, மனசா கல்லா? சிக்னலில் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"யாரைத் திட்டிக்கினு வர்ற?"

"உங்கள இல்ல. நீங்க ரோட்டப் பாருங்க."

என்னைப் பெற்றவர், நாங்கள் முன்பு குடியிருந்த நீலசந்திராவில் பெரிய கோபக்காரர் என்று பெயரெடுத்தவர். அவர் முன்னால் நாங்கள் யாரும் குரலை உயர்த்தியதில்லை. பயமாயிருக்கிறது என்று அழுதால் அதற்கும் அடி விழும். அப்பா என்றால் நான் கண்டது அவ்வளவுதான். அதனால்தான் சபையில் மற்றவர்கள் அப்பா, அப்பா என்று கடவுளிடம் உருகும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று அந்தக் கடவுளை லிங்கராஜபுரத்துப் பாலம் வரும்வரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். யாரும் என் வாயை அடைக்கவில்லை. தொண்டை வறண்டு, திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனபோது, "பயமா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு, நடுரோட்டில் சத்தம்போட்டு அழுதேன்.